மகள் சம்பாதிக்கிறாள், இன்னும் டிபெண்டென்டா?

"பொண்ணுக்குப் போன வருஷம் இன்டர்ன்ஷிப்ல 19,000 டாலர் வந்துச்சு, இனி அவளை என் டாக்ஸ் ரிட்டர்ன்ல டிபெண்டென்டா, அதாவது என்னைச் சார்ந்தவளா, காட்ட முடியாதா?" பிப்ரவரி வந்தால் அமெரிக்காவில் இருக்கும் நண்பர்கள் யாராவது இப்படிக் கேட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் காட்டலாம். டிசம்பர் 31 அன்று 24 வயது ஆகியிருக்கக் கூடாது, வருஷத்தில் 5 மாதமாவது முழுநேர மாணவியாக இருந்திருக்க வேண்டும். ஹாஸ்டலில் இருந்த மாதங்களும் உங்கள் வீட்டில் இருந்ததாகவே கணக்கு.

எல்லோரும் தடுமாறுவது சம்பளத்தில்தான். எவ்வளவு சம்பாதித்தாள் என்பதை அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் இங்கே பார்ப்பதில்லை, தன் செலவில் பாதிக்கு மேல் அவளே போட்டாளா என்றுதான் பார்க்கிறது. ஃபீஸ், வாடகை, சாப்பாடு எல்லாம் சேர்த்து 34,000 ஆகி, 19,000-த்தில் 12,000-ஐ பேங்கில் போட்டுவிட்டு 7,000 மட்டும் செலவழித்தாள் என்றால் அவள் பங்கு அந்த 7,000 தான். ஸ்காலர்ஷிப் அவள் கணக்கில் சேராது. ஆனால் அவள் பெயரில் வாங்கிய கல்விக் கடன் சேரும், அதை மறந்துவிடுகிறோம்.

அப்புறம் மகளின் ரிட்டர்னில் வரும் அந்தப் பாழாய்ப்போன டிக். சம்பளத்தில் பிடித்த வரி திரும்பக் கிடைக்கும் என்று பிள்ளைகள் போனிலேயே அவசரமாக ஃபைல் செய்வார்கள். வேறு யாராவது தன்னை டிபெண்டென்டாகக் காட்ட முடியுமா என்ற கேள்விக்கு மகள் 'இல்லை' என்று தட்டிவிட்டால், உங்கள் இ-ஃபைல் ரிஜெக்ட் ஆகி வரலாம், அவள் 1040-எக்ஸ் என்ற திருத்தப் படிவம் போட்டுத் திருத்த வேண்டியிருக்கும். ஜனவரியிலேயே சொல்லி வையுங்கள்.

லாபம் என்ன? 500 டாலர் கிரெடிட், அதாவது கட்ட வேண்டிய வரியிலேயே கழிவு. அதோடு முதல் நான்கு வருஷப் படிப்புக்கு அமெரிக்கன் ஆப்பர்சூனிட்டி கிரெடிட், வருஷத்துக்கு 2,500 வரை. ஆனால் கணவன் மனைவி கூட்டு வருமானம் 1,60,000 தாண்டினால் குறைய ஆரம்பித்து 1,80,000-த்தில் காணாமல் போய்விடும், இரண்டு ஐடி சம்பளம் வரும் வீடுகளில் பலருக்கு அது எட்டாது. அப்போது மகளைக் காட்டாமல் விட்டால் அந்தக் கல்விக் கிரெடிட்டை அவளே எடுத்து தன் வரியைக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் 2025 கணக்கில் 19,000-த்துக்கு அவள் வரியே சுமார் 325 தான், அதற்காக உங்கள் 500-ஐ விடுவானேன்?

ஊரிலிருந்து எஃப்-1 மாணவர் விசாவில் எம்எஸ் படிக்க வந்து உங்கள் வீட்டிலேயே தங்கிச் சாப்பிடும் அண்ணன் மகன்? முதல் 5 காலண்டர் வருஷம் பொதுவாக வரிக் கணக்கில் அவன் நான்-ரெசிடென்ட், அதாவது அமெரிக்காவில் வசிப்பவனாகக் கணக்கில்லை. சோறு போடலாம், ரிட்டர்னில் போட முடியாது.