கால் பார்ப்பவன்

பெங்களூரு அல்சூரில் தங்கி, காலண்டர்களுக்கும் விடுதி விளம்பரங்களுக்கும் நிலக்காட்சிப் படங்கள் எடுத்துக் கொடுப்பது என் தொழில். 11 ஆண்டுகளாகிவிட்டன. மலையுச்சியில் செல்பி எடுக்கப் போய் விழுந்தவர்களைப் பற்றிய செய்தியைப் படிக்கும்போதெல்லாம், அது விளையாட்டுப் பிள்ளைகளுக்கு நேர்வது என்றே நினைத்திருந்தேன். 2011 அக்டோபர் முதல் 2017 நவம்பர் வரையிலான செய்திகளைத் தொகுத்த ஆய்வு ஒன்று, உலகெங்கும் 259 பேர் செல்பி எடுக்கையில் இறந்ததாகச் சொல்கிறது. அதிகம் பேர் இறந்தது இந்தியாவில். அதைப் படித்தபோதும் என்னை அந்தக் கணக்கில் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

மாகடி சாலை வழியே போனால் ஏறக்குறைய 60 கிலோமீட்டரில் சாவனதுர்கா. 1,226 மீட்டர் உயரமுள்ள கிரானைட் குன்று. பானையைக் கவிழ்த்தது போல வளைந்து இறங்கும் பாறை. இங்கே விளிம்பு என்று கோடு கிழித்துக் காட்ட முடியாது. அடிக்கு அடி சரிவு கொஞ்சம் கூடிக்கொண்டே போகும். எந்த அடியில் காலணியின் பிடி விடும் என்பதைக் கண் சொல்லாது. செங்குத்தாக முடியும் பாறையாக இருந்தால் யாரும் தானாகவே நின்றுவிடுவார்கள்.

செப்டம்பர் மாதப் பிற்பகல் அது. காலையில் தூறியிருந்தது. கீழே மஞ்சனபெலே நீர்த்தேக்கம் வெயிலில் மின்னியது. 16 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டிருந்தேன். அது அருகில் உள்ளதையும் தள்ளிக் காட்டும். முன்னால் ஒரு புதர் சட்டகத்தை மறைத்தது. அதைத் தாண்டிவிடலாம் என்று, வியூபைண்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே ஓரடி, இன்னும் ஓரடி என இறங்கினேன். கிரானைட் சிதையும்போது அதிலுள்ள குவார்ட்ஸ் மணிகள் உதிர்ந்து பாறைமேல் பரல்களாகக் கிடக்கும். அவை என் காலணிக்கடியில் உருண்டன. அரையடி வழுக்கினேன்.

கை பாறைக்குப் போயிருக்க வேண்டும். கேமரா மாட்டிய முக்காலிக்குப் போனது.

"அண்ணா, கேமராவை விடுங்கள்! அப்படியே உட்காருங்கள்!" என்று என் உதவியாளர் கத்தினான். திருவண்ணாமலைப் பக்கத்துப் பையன், வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான். உட்கார்ந்தேன். எனக்கு இரண்டடி கீழே, தண்ணீர் வழிந்த தடத்தில் கறுப்பாகப் பாசி பூத்திருந்தது. ஈரம் காயாத பாசி. அதில் கால் வைத்திருந்தால் அவன் குரலுக்கும் பயன் இருந்திருக்காது. கடன் வாங்கி வாங்கிய கருவி என்பதால் கை அங்கே போனது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானம் எனக்கே பிடிக்கவில்லை.

அதன் பிறகு பாறைகளில் அவனிடம் பையைக்கூடக் கொடுப்பதில்லை. என் கால்களைப் பார்ப்பது மட்டுமே அவன் வேலை. "கால்" என்று அவன் சொன்னால், வெளிச்சம் எப்படி இருந்தாலும் நான் நிற்க வேண்டும். இடம் மாற வேண்டுமானால் கேமராவிலிருந்து கண்ணை எடுத்த பிறகே நகர்வேன். இதற்குக் கூடுதல் ஆள் எதற்கு என்று கேட்ட வாடிக்கையாளர் ஒருவரின் வேலையை விட்டுவிட்டேன்.

அன்றைய படம் அடுத்த ஆண்டின் காலண்டரில் வந்தது, மேலே ஏறி நின்று எடுத்தது. ஏரிக்கு முன்னால், இடப்பக்க ஓரத்தில், அந்தப் புதர் இருக்கிறது.