மகளைத் தாயிடம் விட்டுவைக்கும் பூங்கா

ஓர் உயிரியல் பூங்காவில் யானைக் கன்று பிறந்தால் அது செய்தியாகிறது. பெயர் சூட்டப் போட்டி நடக்கிறது, பார்வையாளர் கூட்டம் பெருகுகிறது. அந்தக் கன்று பெண்ணாக இருந்தால், இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் அது தன் தாயுடனேயே இருக்கிறதா என்று எவரும் போய்ப் பார்த்து எழுதுவதில்லை. யானைகளை அடைத்து வளர்க்கும் இடங்களைப் பற்றி நெடுநாளாக வாசித்து வரும் எனக்கு, ஒரு பூங்காவை எடைபோட இந்த ஒரு கேள்வியே முதன்மையானதாகத் தோன்றுகிறது. பரப்பளவு, குளம், நிழல், தீனி ஆகியவற்றைப் பற்றிய கேள்விகளை அதன் பின்னரே நான் கேட்பேன்.

காட்டில் பெண் யானை பிறந்த கூட்டத்திலேயே வாழ்ந்து முடிக்கிறது. பாட்டி, தாய், சித்தி, அக்கா என்று சுற்றிலும் பெண்கள் இருக்க, ஆண் கன்றுகள் மட்டுமே பருவம் வந்ததும் விலகிப் போகின்றன. இருபதாம் நூற்றாண்டின் பூங்காக்களோ பெரும்பாலும் வெவ்வேறு காடுகளில் பிடிபட்ட இளம் பெண் யானைகளை ஒன்றிரண்டாக வாங்கி ஒரே கொட்டிலில் நிறுத்தின. மதம் பிடிக்கும் காலத்தில் கையாள்வது ஆபத்து என்பதால் ஆண் யானைகளைப் பல பூங்காக்கள் வைத்துக்கொள்ளவே இல்லை. இதனால் இரண்டு கேடுகள் விளைந்தன. நெடுங்காலம் கருவுறாமலே இருந்த பெண் யானைகளின் கருப்பையில் கட்டிகளும் நீர்க்கட்டிகளும் வளர்ந்தன, சிலவற்றுக்குச் சினைச்சுழற்சியே நின்றுபோனது. கருவுற்றவையோ, அதற்கு முன் ஒரு பிரசவத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. 22 மாதம் சுமந்து பெற்ற கன்றைக் கண்டே மிரண்டு, அதைத் தாக்கிய தாய்களும் உண்டு. அதற்குப் பயந்து தாயைச் சங்கிலியில் கட்டிவைத்துப் பிரசவம் பார்ப்பது பல இடங்களில் வழக்கமாயிற்று.

இவற்றின் விளைவை 2008இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஓர் ஆய்வு எண்களில் காட்டியது. ஐரோப்பியப் பூங்காக்களில் பிறந்த ஆப்பிரிக்கப் பெண் யானைகளின் இடைநிலை ஆயுள் 16.9 ஆண்டுகள், கென்யாவின் அம்போசெலி தேசியப் பூங்காவிலோ, மனிதரால் நேர்ந்த சாவுகளை நீக்கிக் கணக்கிட்டால், அது 56 ஆண்டுகள். ஆசிய யானைகளுக்குப் பூங்காவில் 18.9, மியன்மாவில் மரம் இழுக்கும் முகாம்களில் 41.7. என்னை மிகவும் உறுத்துவது இந்த இரண்டாவது ஒப்பீடுதான். முகாம் யானைகள் உழைப்பவை. சங்கிலியும் அங்குசமும் அறிந்தவை. அப்படியிருந்தும் மருத்துவரும் சத்தான தீனியும் உள்ள இடத்தில் பிறந்தவற்றைவிட அவை இரு மடங்குக்கும் அதிகமாக வாழ்ந்தன. ஒரு பூங்காவிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றப்பட்ட ஆசிய யானைகளின் ஆயுள் குறைந்ததையும் அதே ஆய்வு கண்டது. ஆப்பிரிக்க யானைகளின் நிலை பிற்காலத்தில் மேம்பட்டு வருவதையும் அது பதிவுசெய்தது. நியாயமாக அதையும் சொல்ல வேண்டும்.

பூங்காக்கள் சும்மா இருந்துவிடவில்லை. பெண் யானையின் சினைச்சுழற்சி மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறைதான் வருகிறது; அதில் ஒரு குறிப்பிட்ட ஹார்மோன் மூன்று வார இடைவெளியில் இரண்டு முறை உச்சம் தொடுகிறது, இரண்டாவது உச்சத்தின்போதுதான் கருமுட்டை வெளிப்படுகிறது. இதைக் கண்டறிந்த பிறகு நாளைத் துல்லியமாகக் கணிக்க முடிந்தது. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் உள்ள டிக்கர்சன் பார்க் பூங்காவில் செயற்கைக் கருவூட்டலின் மூலம் 1999இல் ஒரு கன்று பிறந்தது. அறிவியலாக இது வியப்புக்குரியது, ஐயமில்லை. ஆனால் கன்று பிறந்த பின் அதை வளர்க்க ஒரு கூட்டம் இல்லையென்றால், பழைய தவற்றை நவீனக் கருவிகளைக் கொண்டு மீண்டும் செய்ததாகவே ஆகும்.

இதற்கு மாறான வழியில் போன இடம் அயர்லாந்தின் டப்ளின் பூங்கா. 2006இல் ராட்டர்டாம் பூங்காவிலிருந்து அக்கா, தங்கை, அக்காவின் மகள் என ஒரே குடும்பத்தை அப்படியே கொண்டுவந்தார்கள். அடுத்த ஆண்டு அங்கு முதல் கன்று பிறந்தது. பின்னர் வந்த கன்றுகள் சித்திமார், அக்காமார் நடுவே வளர்ந்தன. கான்கிரீட் தரையில் நின்றே பாதமும் மூட்டும் கெட்டு யானைகள் மாண்ட வரலாறு பல பூங்காக்களுக்கு உண்டு என்பதால் இங்கே உள்ளறையிலும் மணலையே பரப்பினார்கள். பராமரிப்பாளர்கள் தடுப்புக்கு வெளியே நின்றே வேலை செய்தார்கள். யானைகளின் அன்றாடத்தை யானைகளே நடத்திக்கொண்டன. வட அமெரிக்காவில் 68 பூங்காக்களை ஆராய்ந்து 2016இல் வெளியான முடிவுகளும் ஏறத்தாழ இதையே சொல்கின்றன: ஓயாமல் உடலை ஆட்டிக்கொண்டே நிற்கும் பழக்கம் தனித்து வைக்கப்படும் யானைகளிடம் கூடுகிறது, குட்டிகளோடு இருப்பவற்றிடம் குறைகிறது.

ஆனாலும் 2024 ஜூலையில் அதே டப்ளினில், சில நாள் இடைவெளியில், எட்டு வயது சிந்தாவும் ஏழு வயது அவனியும் இறந்தன. காரணம் யானைகளுக்கே உரிய ஒரு வகை ஹெர்பிஸ் வைரஸ். 1995இல் வாஷிங்டன் தேசியப் பூங்காவில் குமாரி என்ற 16 மாதக் கன்று இறந்தபோதுதான் இது முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது. வளர்ந்த யானைகளின் உடலில் இது ஓசையின்றிக் கிடக்கும். தாய்வழி வந்த எதிர்ப்பாற்றல் தீர்ந்து, தனக்கென்று ஒன்று உருவாகாத வயதில் கன்றைத் தாக்கினால், நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசிந்து, ஓரிரு நாளிலேயே உயிர் போய்விடும். நேற்று மாலை விளையாடிய கன்று இன்று காலை எழுவதில்லை. அதனால்தான் கன்றுகளைக் காதோர இரத்தக் குழாயிலிருந்து இரத்தம் கொடுக்கப் பழக்கி, வாரந்தோறும் சோதிக்கிறார்கள். ஒடிசாவின் நந்தன்கானன் பூங்காவிலும் 2019இல் இதே நோயால் நான்கு இளம் யானைகள் அடுத்தடுத்து மடிந்தன. காட்டுக் கன்றுகளையும் இது கொல்கிறது என்பதால், இதைப் பூங்கா தந்த நோய் என்று பழிப்பது சரியாகாது.

இந்தியாவின் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 2009 நவம்பரிலேயே பூங்காக்களிலும் சர்க்கஸ்களிலும் உள்ள யானைகளை முகாம்களுக்கும் காப்பகங்களுக்கும் மாற்ற உத்தரவிட்டது. அது அரைகுறையாகவே நிறைவேறியது. டெல்லியில் சங்கர் என்ற ஆப்பிரிக்க யானை, துணை இறந்த பின் ஆண்டுக்கணக்கில் தனியாகவே நின்று, 2025 செப்டம்பரில் இறந்தது. முதுமலையின் தெப்பக்காடு போன்ற முகாம்களிலோ மேய்ச்சலுக்கு இரவில் காட்டில் விடப்படும் பெண் யானைகள் காட்டுக் கொம்பன்களோடு கூடிக் கன்று ஈன்றிருக்கின்றன. முகாம் வாழ்க்கை குறையற்றது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இனப்பெருக்கத்துக்கு ஹார்மோன் அட்டவணை தேவைப்படாத ஏற்பாடு அது.

2024 ஜூனில் ஹூஸ்டன் பூங்காவில் டெஸ் என்ற நாற்பது வயதுப் பெண் யானைக்கு இந்த வைரஸுக்கு எதிரான எம்ஆர்என்ஏ தடுப்பூசி முதன்முறையாகப் போடப்பட்டது. இங்கிலாந்தின் செஸ்டர் பூங்கா சர்ரே பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து வேறொரு தடுப்பூசியைச் சோதித்து வருகிறது. இவற்றில் ஒன்று கன்றுகளுக்குப் பயன்படும் நிலைக்கு வந்தால், அது பணக்காரப் பூங்காக்களோடு நின்றுவிடாமல் தெப்பக்காட்டிலும் டாப்சிலிப்பிலும் இருக்கும் கன்றுகளுக்கும் கிடைக்க வழி செய்யும் பேச்சை நம் வனத்துறை இப்போதே தொடங்கிவிட வேண்டும்.