நாங்கள் பின்னி அவிழ்த்தவை

இந்தச் சிறப்பு மலரைத் தயாரிக்கிற குழுவிலிருந்து கதைத்த தம்பி, "அக்கா, பள்ளிக்கூடக் காலத்திலை பின்னின குரோசே சாமான் ஏதும் கிடந்தால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ, கட்டுரையோடை போடலாம்" என்றார். நல்ல யோசனைதான். ஆனால் கொழுக்கி ஊசியால் பின்னுகிற அந்தக் குரோசேயில் என்னிடம் ஒரு துண்டுகூட இல்லை. இடம்பெயர்வில் போய்விட்டது என்று சொன்னால் எல்லோரும் நம்புவீர்கள். நமக்கெல்லாம் அது கைவசம் இருக்கிற பதில். உண்மை வேறு. 1991 முதல் 1993 வரை நான் பின்னிய அத்தனையையும் என் கையாலேயே அவிழ்த்தேன். வகுப்பில் இருந்த எல்லோரும் அப்படித்தான்.

நூல் இல்லை என்பதுதான் காரணம். 1990 நடுப்பகுதியில் சண்டை திரும்பத் தொடங்கியதோடு மின்சாரம் போனது. மண்ணெண்ணெயும் பற்றரியும் தடைப்பட்ட சாமான்களாயின. அப்படிப்பட்ட நேரத்தில் குரோசே நூலை யார் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரப் போகிறார்கள்? தையல் ரீச்சரிடம் ஒரு பழைய பிஸ்கற் ரின் இருந்தது. அதற்குள் 20ஆம் நம்பர் வெள்ளை நூல் உருண்டைகள் கொஞ்சம். இரண்டு பேருக்கு ஓர் உருண்டை. ரீச்சர் அதைத் தன் கையாலே திருப்பிச் சுற்றி, உள்முனையும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்திருந்தா. வெளிமுனை எனக்கு, உள்முனை என் வாங்கில் இருந்தவளுக்கு. உருண்டை நடுவில் கிடந்து உருளும். அவள் இழுத்தால் என் நூல் இறுகும். அந்த இரண்டு வருடத்தில் நாங்கள் பிடித்த சண்டைகளில் பாதி அந்த உருண்டையால் வந்தவை.

ஊசிக்கும் தட்டுப்பாடு. சைக்கிள் கடை வைத்திருந்த மாமா ஒரு சில்லுக் கம்பியை வெட்டி, நுனியில் அரத்தால் கொழுக்கி அராவித் தந்தார். சில்லுக் கம்பி 2 மில்லிமீற்றர் தடிப்பு. 20ஆம் நம்பர் நூலுக்கு அது உலக்கை மாதிரி. திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்து நுனியை மெலிதாக்குவித்தேன். அப்படியும் கொழுக்கி நூலைப் பிசிறடித்தது. ரீச்சர் அதை வாங்கி, தன் கொண்டைக்குள் நாலு தரம் விட்டு இழுத்துத் தந்தா. தேங்காயெண்ணெய் பட்டு, ஊசி வழுக்கிக்கொண்டு ஓடியது.

வீட்டில் பழகுவதற்கு வேறொரு நூல் கிடைத்தது. சங்கக்கடையில் நிவாரணக் கோதுமை மா வரும் மூட்டைகளின் வாயைத் தைத்திருக்கும் தடித்த நூல். சரியான பக்கத்து முனையைப் பிடித்து இழுத்தால் 'சர்ர்' என்று ஒரே இழுவையில் முழுவதும் கழன்று வரும். பிழையான முனையைப் பிடித்தால் எவ்வளவு இழுத்தாலும் வராது. ஏன் அப்படி என்று கேட்டதற்கு, ரீச்சர் ஒரு மூட்டை வாயையே வகுப்புக்குக் கொண்டுவரச் சொன்னா. பார்த்தால், நாங்கள் முதல் நாள் படித்த சங்கிலி! ஒவ்வொரு கண்ணியும் தனக்கு முந்தின கண்ணிக்குள்ளால் வந்து நிற்கிறது. கடைசிக் கண்ணியை விட்டால் மற்றதெல்லாம் வரிசையாகக் கழன்றுவிடும். குரோசே முழுவதும் இதுதான் என்றா. ஊசி இரண்டு வைத்துப் பின்னுகிற கம்பளிப் பின்னலில் ஒரு வரிசைக் கண்ணிகள் முழுவதும் ஊசியில் உயிரோடு நிற்கும். ஒன்று நழுவினால் கீழே வரைக்கும் ஓட்டை விழும். குரோசேயில் எந்த நேரமும் ஒரேயொரு கண்ணிதான் திறந்திருக்கும். அதைக் காத்தால் போதும்.

அதை நாங்கள் பங்கருக்குள், அதாவது பதுங்குகுழிக்குள், போய்வரப் பழகியபோது நன்றாக விளங்கிக்கொண்டோம். குண்டு போடும் பொம்மர் விமானத்தின் சத்தம் கேட்டதும் ரீச்சர் போடும் கட்டளை, "கண்ணியைப் பெரிசா இழுத்து விட்டிட்டு ஓடுங்கோ." ஒரு சாண் நீளத்துக்கு அந்தக் கண்ணியை இழுத்துவிட்டால், வேலையைத் தூக்கி எறிந்தாலும் அவிழாது. ஊசியை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு ஓடுவோம். வெளியே வந்ததும் கண்ணிக்குள் ஊசியை விட்டு, நூலை இழுத்துச் சிறிதாக்கினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

ரீச்சரின் பாடம் ஒழுங்கு குலையாதது. முதலில் சங்கிலி, பிறகு ஒன்றைவிட ஒன்று உயரமான பின்னல்கள்: டபிள், அரை றெபிள், றெபிள். அடிச்சங்கிலியைப் புதுக்கை எல்லாம் இறுக்கிப்போடும். மேலே பின்னப் பின்னத் துணி விசிறி மாதிரி விரியும். அதனால் சங்கிலிக்கென்றே கொஞ்சம் மொத்த ஊசி ஒன்றை வகுப்பு முழுக்கச் சுற்றவிடுவா. வரிசை திரும்பும்போது டபிளுக்கு ஒரு சங்கிலி, அரை றெபிளுக்கு இரண்டு, றெபிளுக்கு மூன்று. அந்த மூன்றும் ஒரு றெபிளாகக் கணக்கு. இதை மறந்து, வரிசை முடிவில் அதன் தலையில் பின்னாமல் விட்டால் ஒவ்வொரு வரிசையிலும் ஒன்று குறையும். என் வாங்குக்காரியின் கைபிடித்துணி சதுரமாகத் தொடங்கி முக்கோணமாக முடிந்தது. "இதென்ன பிள்ளை, கொடியோ?" என்று ரீச்சர் தூக்கிப் பிடித்துக் காட்டினா. அன்றிலிருந்து வரிசைக்கு வரிசை வாய்விட்டு எண்ணவேண்டும் என்பது சட்டம்.

ஒவ்வொரு வேலையும் முடிந்ததும் ரீச்சர் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பா, பின்பக்கம் திருப்புவா, எண்ணுவா, கொப்பியில் புள்ளி போடுவா. பிறகு ஒரே சொல்: "அவிழ்." அவிழ்த்த நூல் இடியப்பம் மாதிரிச் சுருண்டு நிற்கும். அதைப் போத்தலில் சுற்றி, நனைத்து, நிழலில் காயவிட்டால் ஓரளவு நிமிரும். மூன்றாந்தவணை வரும்போது வெள்ளை நூல் சாம்பல் நிறமாகி, மயிர்விட்டுக் கிடக்கும்.

நான் அழுதது ஒருமுறைதான். அன்னாசிப் பூ வைத்த வட்ட லேஸ். குப்பி விளக்கில் மூன்று கிழமை பின்னியது. நூறுக்குத் தொண்ணூற்றிரண்டு. புள்ளி போட்டு முடித்ததும் நான் அசையாமல் நின்றேன். இதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோகலாமோ, அம்மம்மாவுக்குக் காட்டவேண்டும் என்றேன். ரீச்சர் கண்ணாடிக்கு மேலால் பார்த்தா. "கொண்டுபோ. அப்ப அடுத்த வகுப்புப் பிள்ளையள் என்னத்திலை பின்னுறது? உன்ரை தலைமயிரிலையோ?" வகுப்பு சிரித்தது. நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவிழ்த்தேன். மூன்று கிழமை வேலை, மணியடிக்க முன் முடிந்துவிட்டது. அந்த நேரம் ரீச்சர்மீது இருந்த கோபம் கனகாலம் போகவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கனடாவுக்கு வந்தபின் ஊசியைத் தொட எனக்குச் சில வருடங்கள் பிடித்தன. தங்கைக்குப் பிள்ளை பிறந்தபோது ஒரு தொப்பி பின்னலாம் என்று நூலகத்தில் புத்தகம் எடுத்தேன். நடுவில் 12 'டபிள்', ஒவ்வொரு சுற்றிலும் 12 கூட்டு என்று இருந்தது. அப்படியே பின்னினேன். தொப்பி வராமல், பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்து நெளிந்து ஏதோ ஒன்று வந்தது. அவிழ்த்துப் பின்னினேன், திரும்பவும் அப்பளம். நூலகத்தில் கூடிப் பின்னுகிற கிழவிகளிடம் கொண்டுபோனபோதுதான் விசயம் வெளித்தது. நமக்கு ரீச்சர் தந்தது பிரித்தானியப் பெயர்கள். இங்கே அமெரிக்கப் பெயர்கள். நம் டபிளை இவர்கள் 'சிங்கிள்' என்கிறார்கள். நம் றெபிள்தான் இவர்களின் 'டபிள்'. பெயர் ஒன்று, உயரம் வேறு. றெபிள் உயரமானது, அதனால் 12 கூட்டினால் வட்டம் தட்டையாக வரும். டபிள் கட்டையானது, அதற்கு ஆறு கூட்டினால் போதும். நான் கட்டைப் பின்னலுக்குப் பன்னிரண்டு கூட்டியிருக்கிறேன். சுற்றளவு இடம் காணாமல் நெளிந்துவிட்டது. ஆறுக்கும் குறைத்துக் கூட்டியிருந்தால் கிண்ணமாகக் குழிந்திருக்கும்.

அந்த அப்பளத்துக்கு ஒரு கணிதப் பெயரே உண்டு என்பது பிறகு தெரிந்தது. கோர்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா என்ற லத்வியக் கணித ஆசிரியை 1997இல் அதிபரவளைவுத் தளம் (hyperbolic plane) என்கிற, இப்படி நெளிந்து விரியும் பரப்பை மாணவர்கள் கையில் பிடித்துப் பார்க்கும்படி குரோசேயில் பின்னிக் காட்டினார். வழி ஒன்றுதான்: குறித்த எண்ணிக்கைக்கு ஒரு கூட்டு, வரிசைக்கு வரிசை விடாமல். நான் பிழையாகச் செய்ததை அவர் தெரிந்து செய்தார், அவ்வளவுதான் வித்தியாசம். என் கணித ரீச்சர் இதைப் படித்தால் சிரிப்பா.

இப்போது ஓய்வு நேரமெல்லாம் குரோசேதான். கிளாஸ் வைக்கும் வட்டம், புத்தக அடையாள நாடா, கைக்குட்டைக்கு ஓரம் என்று ஒரு பின்னேரத்தில் முடிகிற சின்ன வேலைகளே எனக்குப் பிடிக்கும். எல்லோரும் செய்கிற பொம்மைகள் எனக்குச் சரிவருவதில்லை. கண் வைத்ததும் எல்லாம் பேயறைந்த முகமாகிவிடுகிறது.

படம் இல்லாததால், படத்துக்கென்று விட்ட இடத்தில் ரீச்சர் கடைசியாகப் படிப்பித்த கூசா (தண்ணீர்ச் சாடி) மூடியின் செய்முறையைப் போடும்படி தம்பியிடம் கேட்டிருக்கிறேன். 10ஆம் நம்பர்ப் பருத்தி நூலும் 1.5 மி.மீ. ஊசியும் எடுங்கள். பின்னத் தொடங்க முன்பே 24 மணிகளை நூலில் கோர்த்துவிடவேண்டும். பிறகு நினைத்தால் உள்ளே போகாது. ஆறு சங்கிலி போட்டு வளையமாக்கி, அதற்குள் 12 றெபிள் (முதல் மூன்று சங்கிலி ஒன்றாகக் கணக்கு). அடுத்த சுற்று 24, பிறகு 36, பிறகு 48. அது தட்டையாகக் கிடக்கவேண்டும். நெளிந்தால் யாருடைய டபிள் என்று பாருங்கள். பிறகு ஐந்து சங்கிலி, ஒன்று விட்டு ஒன்றில் ஒரு டபிள். 24 வளைவுகள் வரும். அடுத்த சுற்று ஆறு சங்கிலி, அதற்கடுத்தது ஏழு, ஒவ்வொரு வளைவின் நடுவிலும் ஒரு டபிள். கடைசிச் சுற்றில் நாலு சங்கிலி, ஒரு மணியை ஊசியடிக்குத் தள்ளி இறுக்கி, இன்னும் நாலு சங்கிலி, டபிள். மணியின் பாரத்தில் மூடி கூசாவின் வாயைச் சுற்றித் தொங்கும். காற்றுக்குப் பறக்காது, இலையானும் விழாது.

முடிவில் நூலை ஒரு சாண் விட்டு வெட்டி, கடைசிக் கண்ணிக்குள்ளால் இழுத்து இறுக்கவேண்டும் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. ரீச்சர் அதைப் படிப்பிக்கவேயில்லை. நூலகத்துக் கிழவி ஒருத்தி கத்தரிக்கோலை நீட்டிய அன்று நான் அதை எங்கே வைத்து வெட்டுவது என்று கேட்டேன்.