விளையில் ஒரு தேன்பெட்டி: முதல் வருஷம்

கன்னியாகுமரி மாவட்டம் திருவட்டாறு பக்கம் எங்கள் விளையில், அதாவது தோட்டத்தில், தென்னையும் வாழையும் பலாவும் நிற்கின்றன. வேலிக்கு அப்பால் எங்கு பார்த்தாலும் ரப்பர். "ஈ வளர்க்க இதவிட நல்ல இடம் வேணுமா மக்ளே?" என்றார் பெட்டி தந்த அண்ணன். மார்த்தாண்டம் வட்டாரத்தில் அப்பா காலத்திலிருந்தே தேன் எடுக்கும் குடும்பம் அவருடையது.

ஐப்பசி மழையில்தான் பெட்டி வந்தது. உள்ளே இருப்பது இந்தியத் தேனீ, பொந்துக்குள் அடுக்கடுக்காக அடை கட்டும் இனம். நான்கு கால் ஸ்டாண்டில் வைத்து, எறும்பு ஏறாமல் ஒவ்வொரு காலுக்கும் கீழே தண்ணீர்க் கிண்ணம் வைத்தேன். மழை விடாதபோது ஈ வெளியே போகாது. அப்போது சர்க்கரைப்பாகு கொடுக்காவிட்டால் கூட்டம் மெலியும், இல்லையென்றால் பெட்டியையே விட்டுப் பறந்துவிடும்.

தை மாதம் ரப்பர் இலை உதிர்ந்து செம்பழுப்பாகத் துளிர்த்தது. ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை. மூன்று சிற்றிலைகளும் காம்பில் சேரும் இடத்தில் இனிப்பு நீர் சுரக்கும், அதைத்தான் ஈ உறிஞ்சுகிறது. துளிர் முற்றிவிட்டால் சுரப்பும் நின்றுபோகும். அதில் மகரந்தம் கிடையாது என்பதால், ஈயின் குஞ்சுப் புழுக்களை வளர்க்கத் தென்னம்பூ வேண்டும். எங்கள் விளைக்கு அந்த யோகம் இருக்கிறது.

புழு வளரும் கீழறை நிறைந்ததும், அதன்மேல் தேன் சேர்க்கும் மேலறை வைத்தேன். மாசியில் அடை கட்டியிருக்கும் சட்டங்களைத் தூக்கிப் பார்த்தால், முற்றிய தேன்மேல் ஈ போட்ட வெள்ளை மெழுகு மூடி! ஆனாலும் அவசரப்படவில்லை. அடையில் முக்கால் பங்காவது மூடிய பிறகே எடுக்க வேண்டும் என்று அண்ணன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மூடாத தேனில் ஈரம் அதிகம், சீக்கிரம் புளித்து நுரைத்துவிடும். உணவுத் தரத்தின்படி ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மூடியைச் சீவி, கையால் சுற்றும் இயந்திரத்தில் சட்டங்களை வைத்துச் சுற்றினால் அடை உடையாமல் தேன் மட்டும் தெறித்து வடியும். வெறும் அடையைத் திருப்பி வைத்தால் ஈ அதையே மறுபடி நிரப்பும். கீழறைத் தேனை நான் தொடவில்லை. அது அதுகளின் சாப்பாடு.

மார்த்தாண்டம் தேனுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எனக்கு அது பெரிய சந்தோஷம், ஏனென்றால் இந்தத் தொழில் ஒருமுறை அழிவின் விளிம்புவரை போய் மீண்டது. 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியத் தேனீக் கூட்டங்களைக் கொத்துக்கொத்தாக அழித்தது. புழு நீர் கோத்த பைபோல் ஊதி, தலை தூக்கியபடி செத்துக் கிடக்கும். மருந்து கிடையாது. எஞ்சிய கூட்டங்களைப் பிரித்துப் பிரித்துத்தான் இங்குள்ளவர்கள் தொழிலை மீட்டார்கள். அதனால் தேன் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன் புழு அடையைத்தான் பார்க்கிறேன்.

இப்போது ஆடிச் சாரல். மேலறையை எடுத்துவிட்டேன், ஈ மொய்க்காத வெற்று அடைகளையும் எடுத்துவிட்டேன். விட்டுவைத்தால் மெழுகுப் பூச்சி வந்து வலை பின்னிவிடும். பாகு ஊற்றுவது மறுபடி தொடங்கியாயிற்று. கூட்டம் இதே பலத்தில் இருந்தால் ஐப்பசியில் புது ராணி வளரும் அறை உள்ள அடையோடு இரண்டாகப் பிரிக்கலாம் என்றிருக்கிறேன். இன்னொரு பெட்டிக்கு ஆசாரியிடம் சொல்லியாயிற்று.