ஒற்றைப் பத்திச் செய்தி

நாளிதழ் ஒன்றில் துணை ஆசிரியராகப் பதினாறு ஆண்டுகள் இரவுப் பணி பார்த்தேன். அத்தனை ஆண்டுகளில் ‘அழகிகள்’ என்ற சொல்லை எத்தனை முறை அச்சுக்கு அனுப்பியிருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. ‘விடுதியில் விபசாரம்: 3 அழகிகள் மீட்பு’. நிருபரிடமிருந்து செய்தி வரும். ஊரும் எண்ணிக்கையும் மாறும், மற்றவை மாறாது. அந்தப் பெண்கள் அழகா இல்லையா என்பது நிருபருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ‘பாலியல் தொழிலாளர்கள்’ ஒற்றைப் பத்தித் தலைப்பில் அடங்காது, ‘அழகிகள்’ அடங்கும். இது இடப் பிரச்சினைதான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிவந்தேன்.

ஒருநாள் மாலை, பணிக்கு வந்து உட்கார்ந்ததும் தொலைபேசி ஒலித்தது. பேசிய பெண் பெயர் சொல்லவில்லை. அன்று காலை வந்த படத்தில் இருப்பது தான் என்றார். முகம் தெரியாதபடிதானே போட்டிருக்கிறோம் என்றேன்.

“முகத்தை மறைத்தீர்கள் சார். புடவையை மறைக்கவில்லையே. தெருவில் எல்லாருக்கும் என் புடவையைத் தெரியும்.”

நான் மன்னிப்புக் கேட்டேனா என்பதுகூட இப்போது நினைவில்லை. ‘அழகி’ என்று எதற்குப் போடுகிறீர்கள் என்று கேட்டார். இடம் போதாது அம்மா என்று தொழில் நுணுக்கம் விளக்கினேன். “பெண்கள் என்று போட்டால் போதாதா?” என்றார். தொலைபேசியை வைத்த பிறகு விரல்விட்டு எண்ணினேன். ‘அழகிகள்’ ஐந்து எழுத்து. ‘பெண்கள்’ நான்கு.

இந்த விவகாரத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்று நான் படிக்கத் தொடங்கியது அதன் பிறகுதான். வெட்கமாகத்தான் இருக்கிறது. விபசாரத் தடுப்புச் சட்டம் என்று நாங்கள் எழுதிவந்த 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தில், வயது வந்த ஒரு பெண் தன் விருப்பத்தின்பேரில் இத்தொழில் செய்வது குற்றமென்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. ஆனால் விடுதி நடத்துவது குற்றம், பொது இடத்தில் வாடிக்கையாளரை அழைப்பது குற்றம், அவளுடைய வருமானத்தில் வாழ்வதும் குற்றம். கடைசியாகச் சொன்னது, பதினெட்டு வயதைக் கடந்த எவருக்கும் பொருந்தும். தாய் கட்டிய கட்டணத்தில் கல்லூரியில் படிக்கும் மகனையும் அது விட்டுவைக்காது. ‘மீட்கப்பட்ட’ பெண்ணை நீதித்துறை நடுவர் ஓராண்டு முதல் மூன்றாண்டுகள்வரை காப்பகத்தில் வைக்க உத்தரவிடலாம். நாங்கள் மீட்பு என்று எழுதியதற்கு அவர்கள் என்ன பெயர் வைத்திருப்பார்களோ!

2022 மே 19 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு பிறப்பித்தது. காவல்துறையினர் பாலியல் தொழிலாளர்களைக் கண்ணியமாக நடத்த வேண்டும், வசைபாடவோ துன்புறுத்தவோ கூடாது, ஆணுறையைக் குற்றத்துக்கான சான்றாகக் கொள்ளக் கூடாது, ஊடகங்கள் அவர்களுடைய அடையாளத்தை வெளியிடக் கூடாது. கடைசி வரியைப் படித்தபோது அந்தப் புடவைதான் நினைவுக்கு வந்தது. அன்றிரவு பக்கத்து நாற்காலித் தம்பி வைத்த தலைப்பு: ‘பாலியல் தொழில் சட்டபூர்வமானது: உச்ச நீதிமன்றம்’. அதை அடித்து நீக்கினேன். “குற்றமல்ல என்பதும் சட்டபூர்வம் என்பதும் ஒன்றுதானே சார்?” என்றான்.

ஒன்றல்ல. இதை எனக்குப் புரியவைத்தவர், பாலியல் தொழிலாளர் கூட்டமைப்பு ஒன்று செய்தியாளர்களுக்காக நடத்திய சந்திப்பில் பேசிய நடுத்தர வயதுப் பெண்மணி. “லைசென்ஸ் கொடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. லைசென்ஸ் என்றால் அதைக் கொடுக்கிறவர் ஒருவர் இருப்பார், பிறகு அவர் கையில் நாங்கள் இருப்போம். எங்கள்மீது கேஸ் போடாதீர்கள், அவ்வளவுதான்.” ஜெர்மனி 2002-இல் இத்தொழிலைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது, 2017 முதல் பதிவும் அதற்கான சான்றும் கட்டாயமாயின. வெளியே தெரியக் கூடாது என்று அஞ்சிப் பதியாமல் இருப்பவர் சட்டத்துக்கு வெளியேதான் நிற்கிறார். நியூசிலாந்தின் வழி வேறு. 2003-இல், 60-க்கு 59 என்ற ஒற்றை வாக்கு வித்தியாசத்தில், குற்றப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். வாடிக்கையாளரிடம் ஒப்புக்கொண்ட பிறகும் மறுக்கும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. 2014-இல் அங்கே ஒரு பெண், தன்னைப் பாலியல்ரீதியாகச் சீண்டிய விடுதி நிர்வாகிமீது புகார் கொடுத்து 25,000 நியூசிலாந்து டாலர் இழப்பீடு பெற்றார். எந்த அலுவலகத்துப் பெண்ணும் கொடுக்கக்கூடிய அதே புகார். தற்காலிக விசாவில் வந்தவர்களுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

பெல்ஜியம் இன்னும் ஒரு படி போனது. 2024 டிசம்பர் முதல் அங்கே ஒப்பந்தத்தில் பணிபுரிபவருக்கு மருத்துவ விடுப்பு, பேறுகால விடுப்பு, ஓய்வூதியம் எல்லாம் உண்டு. அறையில் அபாய மணி இருக்க வேண்டும். மருத்துவ விடுப்பு என்ற சொல்லை இத்தொழிலோடு சேர்த்துப் படித்தபோது திகைத்தேன். ஏன் திகைக்க வேண்டும் என்று பிறகுதான் கேட்டுக்கொண்டேன்.

எங்கள் செய்தி ஆசிரியர் இதையெல்லாம் ஏற்கவில்லை. “கடத்திக் கொண்டுவரப்பட்ட பெண்ணையும் தொழிலாளி என்றே எழுதுவாயா?” என்றார். நேர்மையான கேள்வி. இன்றும் அது என்னை உறுத்துகிறது. வாங்குபவரை மட்டும் தண்டிக்கும் சுவீடனின் 1999-ஆம் ஆண்டுச் சட்டம்தான் அவருக்குப் பிடித்தம். வாடிக்கையாளர் பயந்து ஒளிந்தால், அவரோடு போகும் முன் அந்தப் பெண் பேசி, ஆளை எடைபோடும் அந்த இரண்டு நிமிடமும் போய்விடுமே என்று நான் சொல்வேன். உச்ச நீதிமன்றமே இந்தச் சொல்லில் தடுமாறியது. 2023 ஆகஸ்டில் வெளியிட்ட கையேட்டில் ‘பாலியல் தொழிலாளி’ என்று எழுதச் சொன்னது. கடத்தல் எதிர்ப்பு அமைப்புகள் ஆட்சேபித்த பின், நவம்பரில் அதை மாற்றி, கடத்தலால் பாதிக்கப்பட்டவர், வணிகப் பாலியல் செயலில் ஈடுபடும் பெண் என்பதுபோலத் தனித்தனியாகப் பிரித்தது. கடத்தலைத் தண்டிக்கத் தனிச் சட்டப் பிரிவு இருக்கிறது. அதற்காக எல்லாரையும் ஒரே வேனில் ஏற்ற வேண்டியதில்லை என்பது என் கட்சி. ஆனால் அந்த வேனில் உண்மையிலேயே மீட்கப்பட வேண்டிய ஒருத்தி இருந்திருந்தால்? செய்தி ஆசிரியருக்கு நான் பதில் சொல்லி முடித்ததாக நினைக்கவில்லை.

பணியிலிருந்து விலகுவதற்குச் சில வாரங்கள் முன்பு அதே போன்ற செய்தி ஒன்று வந்தது. நிருபரை அழைத்தேன். “தம்பி, அந்தப் பெண்கள் மீட்கச் சொல்லிக் கேட்டார்களா?”

“அதை யார் சார் அவர்களிடம் கேட்பார்கள்?”

பக்கம் முடிய ஏழு நிமிடம் இருந்தது. ‘3 பெண்கள் காப்பகத்தில் ஒப்படைப்பு’ என்று வைத்தேன். இரண்டு வரி ஓடியது. கீழே இருந்த விளம்பரத்தைக் கொஞ்சம் இறக்கினார்கள்.