பன்னாடைக் கட்டு

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு நம் உயர்தர வகுப்பில் முக்கால்வாசிப் பேர் நாவற்குழிப் பாதையில்தான் நின்றிருப்போம். கொட்டும் மழை. போருக்குப் பயந்து, யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கிலுள்ள வலிகாமம் முழுவதும் கிழக்கே தென்மராட்சிப் பக்கம் அடி அடியாக நகர்ந்துகொண்டிருந்தது. அம்மா, தம்பி, நான், ஒரு சைக்கிள். விடிந்த பிறகுதான் தென்மராட்சியில் மீசாலைக்குப் போய்ச் சேர்ந்தோம். தூரத்துச் சொந்தக்காரர் வீட்டு விறாந்தையில் இடம் கிடைத்தது. அங்கே ஏற்கெனவே நான்கு குடும்பங்கள்.

பக்கத்து வளவு ஓர் ஐயாவுடையது. தென்னைகள், இரண்டு பலா, இறுக்கி அடைத்த கிடுகுவேலி. முதல் வாரம் எங்களோடு ஒரு சொல்லும் பேசவில்லை. விறகெல்லாம் நனைந்து கிடந்த நாள் ஒன்றில் தம்பி வேலிப்பொட்டுக்குள்ளால் போய், விழுந்து கிடந்த ஓலையொன்றை இழுத்து வந்துவிட்டான். ஐயா கண்டுவிட்டுச் சத்தம் போட்டார். அம்மா ஓலையைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தா. அன்று பின்னேரம் அடுப்பு புகைந்ததே தவிர எரியவில்லை.

மறுநாள் விடியற்காலை வேலிக்கு மேலால் தொப்பென்று ஒரு கட்டு விழுந்தது. காய்ந்த பன்னாடை, கொக்கறை, பொச்சுமட்டை. எல்லாம் தென்னையில் கிடைக்கும் விறகு, மாரிக்கென்று கொட்டிலுக்குள் சேர்த்து வைத்தவை.

"நனைஞ்ச ஓலை எரியுமே, தங்கச்சி? காய்ஞ்சது கேட்டால் தரமாட்டன் எண்டே நினைச்சனியள்?"

அதற்குப் பிறகு ஒரு நாள்கூட அந்தக் கட்டு தவறவில்லை.

1990இல் போன மின்சாரம் அப்போதும் வரவில்லை. பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் நெய்யை விட அருமை. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, கொஞ்சம் எண்ணெய் விட்டு, மெல்லிய திரி ஒன்று. அந்த விளக்கில்தானே நாமெல்லாம் உயர்தரம் படித்தோம்! விறாந்தையில் ஐந்து குடும்பத்துக்கும் ஒரே விளக்கு. ஐயா அதைக் கவனித்திருக்க வேண்டும். "பிள்ளை இரவில எங்கட திண்ணையில வந்து படிக்கட்டும்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். நான் போனதும் விளக்கை என் பக்கம் நகர்த்தி வைப்பார். அப்புறம் இருட்டுக்குள் இருந்து கிடுகு பின்னுவார். கைப்பழக்கம், வெளிச்சம் தேவைப்படவில்லை. ஓலை மடியும் சரசரப்பு மட்டும் கேட்கும். என்ன படிக்கிறாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

இடம்பெயர்வைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். நம்மை இருத்தி வைத்த தென்மராட்சி ஆட்களைப் பற்றிப் பேசுவது குறைவு. எனக்கு அது பெரிய மனக்குறை.

1996 சித்திரையில் ஊருக்குத் திரும்பினோம். புறப்படும்போது சைக்கிள் கரியரில் ஐயா ஒரு கட்டு வைத்துக் கட்டினார். "போன உடன அடுப்பு மூட்ட வேணுமே."

2000ஆம் ஆண்டு சண்டையில் தென்மராட்சியே இடம்பெயர்ந்தபோது நான் வெளிநாடு வந்துவிட்டேன். அம்மா எங்கள் விறாந்தையில் மூன்று குடும்பங்களை இருத்தினா. வந்தவர்கள் எல்லோரிடமும் மீசாலை ஐயாவைக் கண்டீர்களா என்று விசாரித்தாவாம். ஒருவரும் கண்டிருக்கவில்லை. அந்த மாரிக்குச் சேர்த்த பன்னாடையில் ஒரு கட்டை மட்டும் எரிக்காமல், குசினி மூலையில் அவருக்கென்று வைத்திருந்தா.