ஆசிரியர் குறிப்பு எழுதும் பணி

இராமநாதபுரம் கடற்கரையில், தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரையுள்ள மீனவக் குடியிருப்புகளின் மாலைநேரப் படிப்பகங்களுக்காகப் படப்புத்தகங்கள் உருவாக்கும் சிறிய குழு ஒன்றில் பதிப்பாசிரியராகப் பணியாற்றுகிறேன். கதையைச் செப்பனிடுவது, எழுதியவருக்கும் ஓவியருக்கும் இடையில் நின்று பேசுவது, அச்சகத்துக்குப் போகும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் சரிபார்ப்பது ஆகியவற்றோடு, புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் வரும் ஆசிரியர் குறிப்பையும் ஓவியர் குறிப்பையும் எழுதுவதும் என் பொறுப்பு. ஐந்தாறு வரிகளுக்கு மேல் இடமில்லாத அந்தக் குறிப்புகளே இந்தப் பணியில் என்னை மிகுதியாகச் சிந்திக்க வைத்திருக்கின்றன. பங்களிப்பாளர்கள் அனுப்பும் தன்விவரங்களில் பட்டங்களும் பரிசுகளும் வெளிவந்த நூல்களின் பட்டியலும் இருக்கும். குழந்தைகள் அறிய விரும்புவது வேறொன்று. மண்டபத்துக்கு அருகிலுள்ள ஒரு படிப்பகத்தில், கடலடிப் படங்கள் நிறைந்த புத்தகத்தைப் புரட்டி முடித்த சிறுமி, “சார், இத வரஞ்சவுக கடலுக்குள்ள போயிருக்காகளா?” என்று கேட்டாள். ஒரு குறிப்பு பதில் சொல்ல வேண்டிய கேள்வி இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். குழந்தைகளுக்காக எழுதுபவரும் வரைபவரும் அதற்கு முன்பு எந்த வேலையில் தம் கண்ணையும் கையையும் பழக்கினார்கள் என்பது அவர்களுடைய பக்கங்களில் தெரிகிறது. வாசகருக்கு அதைச் சொல்வது பதிப்பாசிரியரின் கடமை.

தமிழில் குழந்தைகளுக்காக எழுதியவர்களில் பலர் வேறு வேலையில் இருந்துகொண்டே எழுதியவர்கள். 1922இல் புதுக்கோட்டைப் பக்கம் இராயவரத்தில் பிறந்த அழ. வள்ளியப்பா, வங்கி ஊழியராக இருந்தபடியே தலைமுறைகள் பாடிய பாடல்களைத் தந்தார். 2023ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமியின் பாலசாகித்திய விருதைப் பெற்ற உதயசங்கர், இரயில் நிலைய அதிகாரியாக இருந்தவர். அடுத்த ஆண்டு அதே விருதைப் பெற்ற யூமா வாசுகி, கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் பயின்ற ஓவியர். அம்புலிமாமாவில் விக்கிரமாதித்தனின் தோளில் வேதாளத்தை ஏற்றிவைத்த ஓவியர் சங்கர், சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, கலைமகளில் வரைந்து, 1952இல் அம்புலிமாமாவில் சேர்ந்தவர். மாதம் தவறாமல் பக்கங்களை நிரப்பியாக வேண்டிய இதழ்ப்பணி ஓர் ஓவியரின் கோட்டுக்கு எத்தகைய உறுதியைத் தருமென்பதற்கு அவருடைய படங்களே போதும்.

என் பணிக்கு மிக நெருக்கமான எடுத்துக்காட்டாக நான் கருதுவது மத்தியப் பிரதேசத்தின் பாடன்கர் கிராமத்தைச் சேர்ந்த கோண்டு பழங்குடி ஓவியர் பஜ்ஜு ஷியாமை. வீட்டுச் சுவரில் தாய் வரைந்த கோலங்களில், அவருக்கு எட்டாத உயரத்தை நிரப்பித் தரும் சிறுவனாக வரையத் தொடங்கியவர் அவர். போபாலில் இரவுக் காவலாளியாகவும் மின்பணியாளராகவும் வேலை செய்தபின், உறவினரான ஜன்கர் சிங் ஷியாமிடம் ஓவியம் பயின்றார். இலண்டனில் ஓர் உணவகத்தின் சுவர்களில் வரையச் சென்று திரும்பியபோது, தாம் கண்ட நகரத்தைத் தம் ஊரின் கண்ணால் வரைந்தார். நேரம் சொல்லும் பெரிய மணிக்கூண்டும் விடியலைக் கூவிச் சொல்லும் சேவலும் ஒரே உருவமாயின. தரைக்கடியில் ஓடும் இரயில் மண்புழுவாயிற்று. சென்னையின் தாரா புக்ஸ் 2004இல் அதை நூலாக வெளியிட்டது. வெளியூர் ஓவியர் ஒருவர் எங்கள் கடலை வரையும்போதும், எங்கள் ஊர்க்காரர் ஒருவர் தாம் காணாத ஊரை வரையும்போதும் இந்த நூலை அவர்கள் முன் எடுத்துவைக்கிறேன். பார்ப்பவரின் ஊரும் தொழிலும் படத்துக்குள் வருவதைக் குறையாக எண்ணித் துடைத்துவிட வேண்டியதில்லை என்பதை அதைவிடத் தெளிவாக என்னால் எடுத்துச்சொல்ல முடிவதில்லை.

பாம்பன் பகுதியில் படகுகளுக்குப் பெயர் எழுதும் பெரியவர் ஒருவரிடம் எங்கள் புத்தகங்களில் ஒன்றுக்கு அட்டை எழுத்து கேட்டுச் சென்றோம். அவர் எழுதித் தந்த பெயரின் அழகைக் கண்டு உள்ளே வரும் படங்களையும் அவரிடமே ஒப்படைத்தோம். படப்புத்தகத்தில் எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டையும் சேர்த்து ஒரே படமாக வரைபவர்களுக்கு நடுமடிப்பு பெரும் தொல்லை. முகமோ முக்கியமான பொருளோ மடிப்பில் விழுந்தால் தையலுக்குள் மறைந்துவிடும்; பயிற்சி பெற்ற ஓவியர்களுக்கே இதைப் பலமுறை நினைவூட்ட வேண்டியிருக்கும். இவரோ மாதிரிப் புத்தகத்தை ஒருமுறை விரித்துப் பார்த்துவிட்டு, “பலகை சேர்ற எடத்துல எழுத்து விழக்கூடாதுல்ல தம்பி, அது மாதிரிதானே?” என்றார். மரவள்ளத்தின் இரண்டு பலகைகள் சேரும் கோட்டில் எழுத்தின் முக்கியமான வளைவு விழாதபடி இடம் பிரித்துப் பழகிய கை அது. அலையில் ஆடும் படகின் பெயரைத் தொலைவிலிருந்தே படிக்க வேண்டும் என்பதால் எழுத்தைச் சுற்றி வெற்றிடம் விடும் பழக்கமும் அவரிடம் இருந்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தைக்கு அந்த வெற்றிடம் எவ்வளவு உதவுகிறது என்பதைப் படிப்பகத்தில் கண்கூடாகப் பார்த்தோம். மனித முகங்களை வரைவதில் அவருக்கு விருப்பமில்லை. ஆகவே அந்தப் புத்தகத்தின் மனிதர்கள் எல்லாரும் முதுகு காட்டி நிற்கிறார்கள், அல்லது கடலை நோக்கிக் குனிந்திருக்கிறார்கள். கரையில் நிற்பவர்களுக்கு அது பொருத்தமாகவே அமைந்தது.

கதை சொல்பவர்களைத் தேடியபோது கடற்பாசி எடுக்கும் பெண்களிடம் சென்றோம். மன்னார் வளைகுடாவின் தீவுகளை ஒட்டிய ஆழம் குறைந்த நீரில், விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி அணிந்து, காலில் தட்டுக் கட்டி மூழ்கி, பாறைகளில் வளரும் மரிக்கொழுந்துப் பாசியையும் கஞ்சிப் பாசியையும் பறிப்பவர்கள் இவர்கள். 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதிலிருந்து இவர்களுடைய தொழிலுக்கு வந்த நெருக்கடிகள் தனியாக எழுதப்பட வேண்டியவை. அவர்களுள் பேரப்பிள்ளைகள் கண்ட ஒருவர், தாம் பாறை இடுக்குகளில் பார்த்தவற்றைக் கதையாகச் சொல்லுவார். அதை ஒலிப்பதிவு செய்து எழுத்தாக்கியபோது ஓர் ஒழுங்கு புலப்பட்டது. கை நீள்கிறது, ஏதோ அசைகிறது, அந்த இடத்தில் அவர் நிறுத்திவிடுகிறார், பிள்ளைகளில் யாராவது “அப்புறம்?” என்று கேட்ட பின்னரே தொடர்கிறார். எதற்காக அங்கே நிறுத்துகிறீர்கள் என்று கேட்டேன். “புள்ளைக கேக்கட்டும்னுதான் நிறுத்துறேன் தம்பி. கேக்கலன்னா அடுத்தத எதுக்குச் சொல்லணும்?” என்றார். படப்புத்தகத்தில் பக்கம் திருப்பும் இடத்தைத் தீர்மானிப்பது பற்றி நான் கேட்ட விளக்கங்களில் இதற்கு இணையானது எதுவுமில்லை. அவர் நிறுத்திய இடங்களில் எல்லாம் பக்கத்தை முடித்தோம். வேறெந்த மாற்றமும் தேவைப்படவில்லை.

அந்தப் புத்தகத்தில் அவர் பெயரை எப்படிப் போடுவது என்பது குழுவில் நீண்ட நேரம் பேசப்பட்டது. எழுத்தில் வடித்தவர் பெயரை ஆசிரியர் என்று போட்டு, அவருக்கு நன்றி தெரிவித்தால் போதும் என்பது ஒரு கருத்து. நான் அதை ஏற்கவில்லை. கதையின் நிகழ்ச்சி, வரிசை, நிறுத்தம் மூன்றும் ஒருவருடையவையாக இருக்கும்போது அவரே ஆசிரியர். எழுத்தாக்கியவருக்கு எழுத்தாக்கியவர் என்ற இடம் உண்டு. ஊதியமும் அந்தக் கணக்கிலேயே வழங்கப்பட்டது. குறிப்பின் முதல் வரைவை அவருக்குப் படித்துக் காட்டியபோது, பள்ளிக்குச் செல்லாதவர் என்றிருந்த வரியை எடுத்துவிடச் சொல்லி, எந்த வயதில் கடலில் இறங்கினார், யாரிடம் மூச்சடக்கக் கற்றார் என்பதைச் சேர்க்கச் சொன்னார். சேர்த்த பின் குறிப்பு முன்பைவிடச் சிறந்ததாயிற்று.

வெளியூர் ஓவியர்கள் இந்தக் கடலை வரையவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அவர்கள் பார்க்க வரவேண்டும், அதுவும் ஒன்றுக்கு மேற்பட்ட பருவங்களில் வரவேண்டும். பாம்பன் தீவின் வடக்கே உள்ள பாக் நீரிணைக் கடலைப் பெண்கடல் என்றும் தெற்கே உள்ள மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் இங்குள்ளவர்கள் வழங்குகிறார்கள். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தெற்குப் பக்கம் கொந்தளிக்க, வடக்குப் பக்கம் அமைதியாகக் கிடக்கும். வாடைக் காலத்தில் நிலைமை தலைகீழாகும். ஆகவே கதை எந்தக் கரையில், எந்த மாதத்தில் நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அலையின் உயரத்தை வரைய முடியாது. நிறமும் அப்படியே. ஆழம் குறைந்த இடத்தின் பசுநீலத்தை அச்சின் நான்கு மைகளால் முழுமையாகக் கொண்டுவர இயலாது. திரையில் ஒளிர்ந்த நீலம் தாளில் மங்கிவிடும். கடலைப் பார்த்தவர்கள் எதை விட்டுக்கொடுப்பது என்று அறிந்திருக்கிறார்கள். எங்களுடைய ஓவியர்களில் ஒருவர் கடலை வெள்ளைத்தாளாகவே விட்டு, தரையின் நிழல்களை மட்டும் நீலத்தில் போட்டார்.

அந்த ஓவியர் கல்லூரியில் விலங்கியல் படித்தவர். செய்முறைப் பதிவேட்டில் புள்ளி புள்ளியாக உயிரினங்களை வரைந்து கைபழகியவர். பீட்டர் முயலை உலகுக்குத் தந்த பீட்ரிக்ஸ் பாட்டரும் காளான்களை நுண்ணோக்கியில் பார்த்து வரைந்தவர். அவற்றின் வித்துகள் முளைப்பது குறித்து அவர் எழுதிய கட்டுரை 1897இல் இலண்டன் லின்னேயன் சங்கத்தில் முன்வைக்கப்பட்டது. முயலின் கதை 1902இல் நூலாக வந்தது. சட்டை போட்டிருந்தாலும் அது முயலின் உடலாகவே இருப்பதற்குக் காரணம் அந்தப் பழக்கம் என்று நினைக்கிறேன்.

இப்போது மேசையில் இருப்பது நண்டு வலை பற்றிய புத்தகம். விலங்கியல் படித்த ஓவியரையும், தேவிபட்டினம் பக்கத்தில் நண்டு வலை கட்டும் ஒருவரையும் ஒன்றாக உட்காரவைத்தோம். நீந்தும் நண்டின் கடைசிக் காலிணை துடுப்புப்போல் தட்டையாக இருக்க வேண்டுமென்று ஓவியர் கவனமாக வரைந்திருந்தார். வலைக்காரர் காலைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, வலையில் சிக்கிய எல்லா நண்டுகளும் நீலமாக இருப்பதைச் சுட்டிக்காட்டி, “எல்லாத்தையும் ஆண் நண்டா வரஞ்சிருக்கீகளே தாயி, பொட்ட நண்டு இம்புட்டு நீலமா இருக்காதே” என்றார். பெண் நண்டுகளுக்காகப் பழுப்பு கலந்த பச்சையில் மூன்று சாயல்களைக் கலந்து காட்டியிருக்கிறார் ஓவியர். எது சரி என்று சொல்ல வலைக்காரர் காலையில் பிடித்த நண்டுகளோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதன் பின்புதான் அட்டை அச்சகத்துக்குப் போகும். ஓவியர் குறிப்பில் நிறம் பார்த்துச் சொன்னவர் என்று அவர் பெயரும் இடம்பெறும்.